கட்டை போடணுமா?

வாங்க மேஸ்திரி, வாங்க. அந்த ஸ்பீக்கர் பொட்டி மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆவாது, அது ஒடஞ்ச பொட்டிதான். ராசிபுரத்துலருந்தா வர்றீங்க? கலவை மிஷினை இழுக்கறதுக்கு டீசல் பிக்கப் எடுக்கணும், அங்கமுத்துகிட்டக் கேட்டா வெவரமாச் சொல்லுவாருன்னு சொல்லி விட்டாங்களா? யாரு, பெயிண்டுக் கடைக்காரரா? சரியாத்தான் சொல்லியிருக்காரு. இந்தச் சேந்தமங்கலம் வட்டாரத்துல இழுவை வண்டி பாத்து எடுக்கறதுல என்னை மிஞ்ச ஆளில்லீங்க. நானாச் சொல்லிக்கல, ஊர் சொல்லுது.

அந்தா நிக்குது பாருங்க வெள்ளை வண்டி, அதுதான். பின்னாடி கொக்கியில மாட்டியிருக்கறது நம்ம ஜெனரேட்டர். கல்யாணம், நோம்பி, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் அது வந்து நின்னாத்தான் வெளிச்சம். பாக்கத்தான் அடக்கமா இருக்குது, யானைக்குட்டி கனம். இன்னைக்குக் கொல்லிமலைல ஒரு காதுகுத்து. லைட்டுக் கட்டற பசங்க காலையிலயே பஸ்ல ஏறிப் போயிட்டாங்க. நாங்க கெளம்பறதுக்கு இன்னுஞ் சித்த நேரம் இருக்குது. பாவாயி! ஏ பாவாயி! மேஸ்திரி வந்திருக்காரு, ஒரு டீ கொண்டா!

என்ற சம்சாரமுங்க. நல்லவதான். ஆனா ஒரு கெட்ட பழக்கம். நான் எதுக்கு ஆசைப்பட்டாலும் முட்டுக்கட்டை போடுவா. சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. நெசமாலுமே அவளுக்கு அதுதான் வேலை. கட்டை போடறது.

சிரிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா? பழைய வண்டியில ஜெனரேட்டரை மாட்டிக்கிட்டு மலை ஏறுறோம்னு வைங்க. காரவள்ளி தாண்டுனா வளைவு மேல வளைவு, எழுவது கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி மூச்சு வாங்கும். ரேடியேட்டர் கொதிக்கும். நிறுத்துனா ஹேண்ட் பிரேக் தாங்காது, பின்னாடி இருக்கற கனம் வண்டியையே கீழ இழுக்கும். அப்ப ஒரு ஆளு பின்னாடியே நடந்து வந்து, வண்டி நின்ன ஒடனே சக்கரத்துக்குக் கட்டை போடணும். வண்டி நகந்தா கட்டையை எடுத்துக்கிட்டு மறுபடி நடக்கணும். அது பாவாயி வேலை. புளியமரத்துக் கட்டை, ஆப்பு மாதிரி செதுக்குனது. கல்யாணமாகி வந்ததுலருந்து அவதான் போடறா.

வேற ஆளை வெக்கலாமேன்னு கேப்பீங்க. வெச்சுப் பாத்தமுங்க. ஒருத்தன் செல்போன்ல பேசிக்கிட்டே வந்தான். கட்டை போடற ஆளுன்னா உசுரை நம்பிக் குடுக்கணும் மேஸ்திரி. பாவாயி பின்னாடி வர்றான்னா நான் கண்ணாடியிலகூடப் பாக்க மாட்டேன். க்ளச்சை விட்டுட்டு பீடி பத்த வெப்பேன். அவ்வளவு நம்பிக்கை. அதுவுமில்லாம அவளுக்கு மலையில நடக்கறதுன்னா நெம்ப இஷ்டம். "வண்டியில ஏறிக்கடி"ன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். கீழ, சமதளத்துல.

அப்படி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. போன ஆடியில ஒரு மழை. ரோடு வழவழன்னு கெடந்துச்சு. வளைவுல வண்டியை நிறுத்துனேன், இவ கட்டையைப் போட்டா, கட்டை வழுக்கிருச்சு. கையை வெச்சுத் தள்ளிப்புட்டா. கட்டை நின்னுருச்சு, ஆனா சுண்டு விரல் உள்ள மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு விரலு மேஸ்திரி, அதுவும் சுண்டு விரலு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க, நகம் போயிருச்சு, இப்பவும் கொஞ்சம் கோணலாத்தான் இருக்குது. அதுக்குப் போயி அவ சொல்றா, "ஏனுங்க, இனிமேப்பட்டு நான் மலைக்கு வரமாட்டேன். கட்டை போடாம ஏறுற வண்டி ஒண்ணு எடுங்க. இல்லன்னா மலை வாடகையே நமக்கு வேண்டாம்."

எப்படி இருக்குது பாருங்க. மலை வாடகைதானுங்க நமக்குச் சோறு. கீழ வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. மலை மேல இழுத்துக்கிட்டுப் போறதுக்கு நம்மளை விட்டா ஆள் கெடையாது. அதை விட்டுட்டா நான் என்ன, இந்த ஷெட்டுல உக்காந்து ஸ்பீக்கருக்குத் தூசி தட்டறதா? சரி, வண்டி எடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். நானாத்தான் முடிவு பண்ணேன். அவ சொன்னதும் அதேதான், ஆனா முடிவு என்னோடது.

இப்ப உங்களுக்கு வேண்டிய வெவரத்துக்கு வர்றேன், கவனமாக் கேட்டுக்குங்க. மொத விசயம், டீசல்தான். மத்ததுல ஓட்டம் இருக்கும், இழுவை இருக்காது. ரெண்டாவது, ஏத்தற கனம் வேற, இழுக்கற கனம் வேற. கடைக்காரன் "ஒண்ணரை டன் ஏத்தலாம் சார்"னுதான் ஆரம்பிப்பான். நீங்க ஏத்தறதுக்கா எடுக்கறீங்க? "பின்னாடி கொக்கியில எவ்வளவு மாட்டலாம், பத்திரத்துல எழுதியிருக்குதா?"ன்னு கேக்கணும். மூணாவது, ஏத்தத்தை விட எறக்கம் மோசம். ஏறயில நாம அதை இழுக்கறோம், எறங்கயில அது நம்மளைத் தள்ளும். அதனால பிரேக்கைப் பாக்கணும். இதெல்லாம் நானாக் கண்டுபுடிச்சது. அதாவது, பாவாயி ஏதோ சொன்னா, அதை நான் வெவரமா எடுத்துச் சொன்னேன்.

சேலத்துல மொத ஒரு கடைக்குப் போனோம். கம்பெனி பேரு வேண்டாம். உள்ள நொழஞ்ச ஒடனே நான் பாத்துட்டேன் மேஸ்திரி. செவப்பு! நல்ல மொளகாய்ப் பழச் செவப்பு. முன்னாடியும் பின்னாடியும் சீட்டு. மூஞ்சி பூரா வெள்ளிக் கம்பி பல்லுப் பல்லா. உள்ள டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன், அதுல பாட்டு ஓடுது. பந்தல் வையாபுரி இருக்கானே, அவன் போன வருசம் ஒரு காரு வாங்கிட்டு என்னைப் பாத்து ஆரன் அடிச்சுக்கிட்டே போறான். இந்தச் செவப்பு வண்டியில நான் போயி எறங்குனா அவன் மூஞ்சி எங்க போகும்? அதை நெனச்சு நான் அப்படியே நின்னுட்டேன். அட்வான்ஸ் குடுக்கப் பையில கை வெச்சுட்டேன்.

அப்பத்தான் இவ ஒயர்க் கூடைக்குள்ள கையை விட்டு என்னத்தையோ எடுக்கறா. பாத்தா, கட்டை! சேலம் வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கா. கண்ணாடி மாதிரித் தரை, அதுல கொண்டுபோயி அதை வெச்சுட்டு, டை கட்டுன தம்பிகிட்டக் கேக்கறா, "இந்த வண்டிக்குக் கட்டை போடணுமா தம்பி?"

அந்தத் தம்பிக்கு ஒண்ணும் புரியல. "மேடம், இதுல ஸ்கிரீன்ல ரிவர்ஸ் கேமரா வருது"ங்கறான். "அது இருக்கட்டும். ஜெனரேட்டரை மாட்டிக்கிட்டு மேட்டுல நின்னா, கட்டை போடணுமா, வேண்டாமா?"ங்கறா. எனக்கு மானமே போச்சு. அவன் "ட்ரையல் ஓட்டிப் பாருங்க மேடம், பைபாஸ்ல நூறுல போகும்"னான். "பைபாஸ்ல மேடு எங்க இருக்குது? மலையில மாட்டிக்கிட்டு ஓட்டிக் காட்டுவீங்களா?"ன்னா. அதெல்லாம் எங்க ரூல்ல இல்லைன்னுட்டான். இவ கட்டையை எடுத்துக் கூடையில போட்டுக்கிட்டு வெளிய நடந்துட்டா. நானும் பின்னாடியே வந்துட்டேன். பஸ்ஸுக்குச் சில்லறை அவகிட்டத்தான் இருந்துச்சு.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை போதுங்களா? ஏ பாவாயி, அந்த டயர்ல காத்து எப்படி இருக்குதுன்னு பாத்துரு.

அடுத்த கடை. அங்க ஷாஜகான் பாய்னு ஒருத்தரு, நரைச்ச தாடி, நெதானமான ஆளு. அவரு ஒரு வண்டியைக் காட்டி, "இதுல டார்க் ஜாஸ்தி சார்"னாரு. நான் ஒடனே சொல்லிட்டேன், "பாய், டார்க்கு நமக்கு ஆவாது. வெயில்ல தகதகன்னு சுடும். வெளுப்பா இருக்கறதுல காட்டுங்க." அவரு என்னையே பாத்தாரு. அப்பறம் பக்கத்துல இருந்த வெள்ளை வண்டியைக் கையைக் காட்டி, "சார், எல்லாத்தையும் விட இந்த வெள்ளை வண்டியிலதான் டார்க் ஜாஸ்தி"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணு தெரியாதவன்னு நெனச்சுட்டானான்னு கேக்கப் போனேன். பாவாயி முழங்கையால இடிச்சு, "ஏனுங்க, அவரு கலரைச் சொல்லல. இழுவையைச் சொல்றாரு போல"ன்னா. எனக்கும் தெரியும் மேஸ்திரி. பாயைச் சும்மா சோதிச்சுப் பாத்தேன்.

வெள்ளை வண்டி பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. முன்னாடி மட்டும் சீட்டு, ஸ்கிரீனும் கெடையாது, மூஞ்சி வெறும் கறுப்புத் தகரம். முனிசிபாலிட்டித் தண்ணி வண்டி மாதிரி நிக்குது. இவ வழக்கம்போலக் கட்டையைத் தரையில வெச்சுட்டா. "இதுக்குக் கட்டை போடணுமா பாய்?" பாய் கீழ குனிஞ்சு அந்தக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. டயரு தேஞ்ச தடம் அதுல இருக்குமில்ல, அதைத் தடவிப் பாத்தாரு. அப்பறம் இவ விரலைப் பாத்தாரு. "நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம்மா. கொக்கி மாட்டுன டெமோ வண்டி ஒண்ணு இருக்குது. மொதலாளிகிட்டக் கேட்டு எடுத்துக்கிட்டு நானே மலைக்கு வர்றேன். உங்க ஜெனரேட்டரை மாட்டியே பாத்துருங்க"ன்னாரு.

வீட்டுக்கு வந்தும் எனக்குச் செவப்பு மேலயேதான் கண்ணு. "செவப்புத்தான் எடுப்பேன்"னு நின்னேன். அவ சண்டையே போடல. அதைச் சொல்லணும். "நமக்கு எதுக்குங்க வம்பு, கருப்பனாருகிட்டப் பூ கேட்டுரலாம். வெள்ளைப் பூ வந்தா வெள்ளை வண்டி, செவப்பு வந்தா செவப்பு வண்டி"ன்னா. நியாயமான பேச்சு. சாமி சொன்னா யாரும் முட்டுக்கட்டை போட முடியாதில்ல? போனோம். பாவாயிதான் ஓரமா உக்காந்து ரெண்டு பூவையும் எலையில மடிச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்தா. பூசாரி சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுத்தாரு. வெள்ளை. எனக்கு மனசு ஒப்பல, மறுக்காக் கேட்டேன். மறுக்காவும் அவ மடிச்சுக் குடுத்தா. மறுக்காவும் வெள்ளை. மூணாந்தடவை கேட்டேன். அப்பவும் வெள்ளை! ஒடம்பு சிலுத்துப் போச்சு மேஸ்திரி. சாமி இல்லைங்கறவனை அன்னைக்கு அங்க கூட்டிட்டு வந்திருக்கணும்.

திரும்பி வரயில அவ கூடையைப் பாத்தேன். செவ்வரளி வாங்குனது அப்படியே ஒண்ணுகொறையாமக் கெடக்குது. "ஏன்டி இதை வாங்குனே, வீணா?"ன்னு கேட்டேன். "மிச்சமுங்க"ன்னா. ஒரு கணக்கு வழக்கு இல்லாத பொம்பளை.

அப்பறம்தானுங்க முக்கியமான விசயம். பாய் சொன்ன மாதிரியே டெமோ வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. ஜெனரேட்டரைக் கொக்கியில மாட்டுனோம். நான் ஸ்டீரிங், பக்கத்துல பாய், ஓரத்துல பாவாயி, மடியில கட்டை. காரவள்ளி தாண்டி மொத வளைவு வந்துச்சு. பழைய வண்டி நிக்கற எடம் அதுதான். நான் வேகத்தைக் கொறைச்சேன். அவ வழக்கம்போலக் கதவைத் தொறந்து எறங்கிட்டா, கட்டையோட. நான் கியரைப் போட்டு மிதிச்சேன்.

மேஸ்திரி, அந்த வண்டி ஏறுச்சு பாருங்க! பின்னாடி ஒண்ணு தொங்கறதே அதுக்குத் தெரியல. ரெண்டாவது வளைவு, மூணாவது வளைவு, நிக்கவே இல்ல. முக்கல் இல்ல, மொனகல் இல்ல, க்ளச் கருகற வாசம் இல்ல. நான் பாய்கிட்டப் பேசறேன், சிரிக்கறேன், பழைய வண்டியைத் திட்டறேன். "வையாபுரி பந்தலையே இதுல கட்டி இழுத்துருவேன் பாய்"ங்கறேன். எத்தனை வளைவு போச்சுன்னே தெரியல. பாய்தான் திடீர்னு, "சார், அம்மா எங்க?"ன்னாரு.

மேட்டுலயே பிரேக்கைப் புடிச்சேன். கண்ணாடியைப் பாத்தேன். ரோடுதான் தெரியுது, பாவாயி இல்ல. அவ இல்லாத கண்ணாடியை அன்னைக்குத்தான் மொத மொதப் பாக்கறேன். மேலருந்து மரலாரி வர்ற ரோடு அது. கொரங்கு வேற. நான் கீழ குதிச்சு ஓடறேன். செருப்பு ஒண்ணு எங்கியோ போச்சு. "பாவாயீ, பாவாயீ"ன்னு கத்திக்கிட்டே ஓடறேன். பயம் மேஸ்திரி. பொய் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி நான் பயந்ததே இல்ல.

ரெண்டு வளைவு எறங்குனதுக்கப்பறம் பாத்தேன். வந்துக்கிட்டிருக்கா. கட்டையை இடுப்புல கொழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு, முந்தானையில மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, ஏறி வந்துக்கிட்டே இருக்கா. என்னைப் பாத்ததும் நின்னா. "ஏனுங்க, எங்கியுமே நிக்கலியா?"ன்னா. "நிக்கலடி"ன்னேன். "வண்டி இப்ப எங்க?" "மேல, மேட்டுல நிக்குது." "யாரு கட்டை போட்டது?" "யாரும் போடல. தானா நிக்குது."

அவ்வளவுதான். அந்த ஓரக்கல்லு மேல உக்காந்து அழுக ஆரம்பிச்சுட்டா. ஓன்னு. வண்டி நல்லா ஏறுனதுக்கு யாராச்சும் அழுவாங்களா? இத்தனை வருசத்துல விரல் நசுங்குனப்பக்கூட அழுகாதவ. எனக்கும் அழுகை வந்துருச்சுங்க. ஏன்னு தெரியல. வண்டி அவ்வளவு நல்லா இழுத்ததுக்குத்தான்னு நெனைக்கறேன்.

அப்பறம் ரெண்டு பேரும் ஏறிப் போனோம். பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தாரு, நல்ல மனுசன். இவளை ஜன்னலோரம் உக்கார வெச்சு வண்டியை எடுத்தேன். போறோம், போறோம், இவ ஜன்னலை விட்டுத் தலையை உள்ள எடுக்கவே இல்ல. "ஏனுங்க, அந்தா கீழ தெரியுதே, அது நம்ம ஊருங்களா?"ங்கறா. "இந்தப் பள்ளம் எப்ப வந்துச்சு?"ங்கறா. "பாக்குத் தோப்பு இவ்வளவு அழகா இருக்குமா?"ங்கறா. எனக்குச் சிரிப்பு. "ஏன்டி, வருசக்கணக்கா இதே ரோட்டுலதான நடந்தே? இன்னைக்குத்தான் புதுசா மலைக்கு வர்றவ மாதிரி கேக்கறே?"ன்னேன்.

"நான் எங்கீங்க மலையைப் பாத்தேன்? சக்கரத்தையில்ல பாத்துக்கிட்டு வந்தேன்"ன்னா.

அப்பப் பாத்து ஒரு வளைவு வந்துருச்சு. ரோட்டைப் பாக்கணுமில்ல.

அதே வண்டிதான் எடுத்தோம். வெள்ளை. வையாபுரி பாத்துட்டு, "என்ன அங்கமுத்து, தண்ணி சப்ளை பண்ணப் போறியா?"ன்னான். பேசட்டும். மலையில மாட்டிக்கிட்டு ஏறச் சொல்லுங்க அவனை. ஆக மேஸ்திரி, நான் சொல்றது இதுதான். வண்டி எடுக்கறதுல ஆம்பளை ஒரே முடிவா நிக்கணும். கலரைப் பாக்கக்கூடாது, ஸ்கிரீனைப் பாக்கக்கூடாது. நான் பாத்தனா?

அந்தக் கட்டையா? இருக்குது, எங்க போகப்போகுது. வண்டி நல்ல உசரம், இவ குட்டை, உக்காந்தா காலு தொங்குது. அதனால கட்டையைக் கீழ போட்டு அது மேல காலை வெச்சுக்கறா. வேண்டாம்னா கேக்க மாட்டா. இப்பவும் மலைக்கு வர்றா. கட்டை போடற வேலைதான் இல்லையே, எதுக்கு வர்றேன்னு கேட்டேன். "மலை பாக்க"ங்கறா. வரட்டும், பேச்சுத் தொணைக்கு ஆச்சு.

இந்தா, ஆரன் அடிக்கறா பாருங்க. அதுக்குள்ள ஏறி உக்காந்துட்டா. வர்றேன், வர்றேன்! நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேஸ்திரி. கடைக்குப் போறன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க, நான் வந்து பாத்துக் குடுக்கறேன். என்ன பாவாயி? என்ன, ஜன்னல்லருந்து கத்தறே? மேஸ்திரியையா? அவருகிட்ட என்னடி கேக்கணும்?

மேஸ்திரி, அவ கேக்கறா, உங்க கலவை மிஷினுக்கு இத்தனை நாளா யாரு கட்டை போடறதுன்னு.

ஏன் மேஸ்திரி, டீயைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க? உங்க சம்சாரமா? அட, அதுக்கு எதுக்குத் தலையைக் குனியறீங்க, எங்கியும் நடக்கறதுதான. என்னடி? என்ன சொல்லணும்? சரி சரி, சொல்றேன். கடைக்குப் போறப்ப என்னைக் கூப்புட வேண்டாமாம். உங்க வீட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகணுமாம். கூடையில கட்டையையும் எடுத்துக்கிட்டு.

பாத்தீங்களா மேஸ்திரி? உங்களுக்கும் போட்டுட்டா.